கேன்டீன் வாசலில் ரேடியோ

பிப்ரவரி 4, சனி

முகாம் கேன்டீனுக்குப் போய் வந்தோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஓய்வுபெற்ற படையினருக்கான நாள். வழக்கம்போல நான் ஸ்கூட்டரை ஓட்ட, என் படைத் தோழன் ரேடியோ பின்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்தான். படையில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற எனக்கு, இரண்டு கண்ணும் இல்லாதவன் வழி சொல்கிறான். "ரொட்டி வாசனை வந்துருச்சு பாரு, பேக்கரி. இடப்பக்கம் ஒடி." ஒடிக்காமல் நேரே போனால் கோபம் வந்துவிடும்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்தது வயர்லெஸ் பிரிவில் இருந்ததால் மட்டும் இல்லை. வாயை மூடவே மாட்டான். எங்கள் முதல் முகாம் மலை மேலே. அங்கே கேன்டீன் என்றால் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சோப்பு, ஷூ பாலிஷ், சிகரெட். இன்னொரு பக்கம் டீக் கெட்டில். அந்த முகாமிலேயே குளிர் நுழையாத அறை அது ஒன்றுதான். பணி முடிந்தவர்கள் எல்லாரும் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்போம். யாருக்கு லீவு கிடைத்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எல்லாம் முதலில் இவன் வாயிலிருந்துதான் வரும். டம்ளரை மைக் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டு "இப்போது செய்திகள்" என்று ஆரம்பிப்பான்.

அப்புறம் அதே மலையில் கண்ணிவெடி. கண் இரண்டும் போயிற்று. வலக்கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அதுவும் இடக்கையின் விரல் நுனிகளும் வெந்து ஆறி, கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டன. ராணுவ ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். முகம் முழுக்கக் கட்டு. என் குரலைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கேன்டீன்ல என்னடா விசேஷம்?"

இன்றைக்கு அக்காவுக்குத் தலை எண்ணெய், அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு பிஸ்கட், தனக்கு ஷேவிங் சோப்பு என்று வாங்கினான். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டவன். கேன்டீனுக்குள் நுழைந்ததும் கைத்தடியை மடக்கிவிடுவான். சோப்பு அடுக்கு எங்கே, பாலிஷ் எங்கே என்று மூக்குக்குத் தெரியும். கவுன்ட்டரில் இருக்கும் பெரியவர், "சார்ஜென்ட், இந்தத் தடவை பச்சை சோப்பு வரல" என்றார். சார்ஜென்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் இவன் முதுகு நிமிர்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் அவன் மாமா. தெருவில் கண்ணு தெரியாதவர். அந்தக் கேன்டீனில் மட்டும்தான் இன்னும் சார்ஜென்ட்.

வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் முதல் புதுக் கட்டடம், புது முறை. படித்துக் காட்டினேன். "புது இடமா? மூக்கைப் பழக்கணுமே" என்றான்.

மார்ச் 4, சனி

எழுதவே கை வரவில்லை.

புதுக் கட்டடம். கண்ணாடிக் கதவு. உள்ளே போகும் முன்னால் ஒரு மேசை, மேசை மேல் ஒரு இயந்திரம். விரலை வைக்க வேண்டும், இல்லை என்றால் கண்ணைக் காட்ட வேண்டும். யாருடைய கேன்டீன் அட்டையையும் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாதாம், அதற்காக. எனக்கு விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ரேடியோ இடக்கையை வைத்தான். சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்தான், வலக்கைக் கட்டைவிரலையும். எல்லாம் சிவப்பு.

மேசையில் இருந்த கிளார்க் இளைஞன், புதியவன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கண்ணாடியைக் கழட்டிட்டு இதுக்குள்ள நேரா பாருங்க சார்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"கண்ணை மலையிலயே விட்டுட்டு வந்துட்டேன் தம்பி. போய் எடுத்துட்டு வரவா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். கிளார்க் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மன்னிப்புக் கேட்டான். ஆனால் கதவை அவன் திறக்க முடியாது, இயந்திரம்தான் திறக்க வேண்டும். "மனைவி இருந்தா அவங்க பேருக்கு ஒரு அட்டை போட்டுடலாம் சார்." இல்லை என்றான் ரேடியோ. "அப்ப அக்கா?" என்று நான் கேட்டேன். "மனைவி தவிர வேற யாருக்கும் விதியில இடமில்லைங்க."

அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய், என் அட்டையில் அவனுக்கும் வேண்டியதை வாங்கி வந்தேன். வழியெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டு வந்தான். பேக்கரி திருப்பத்தைச் சரியாகச் சொன்னான். அவன் அக்கா கதவைத் திறந்தபோது, "இந்தா, உன் எண்ணெய்" என்று சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான்.

மார்ச் 5, ஞாயிறு

அவன் சிரித்ததுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஏப்ரல் 1, சனி

வர மாட்டேன் என்றுவிட்டான். சட்டை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நான் வாங்கிட்டு வர்றேன், என்ன வேணும் சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்டா."

"அக்காவுக்கு எண்ணெய்?"

"நீ வாங்கிட்டு வந்தா அது நீ குடுத்ததுடா. நான் குடுத்ததா எப்படி ஆகும்?"

அந்த வீட்டில் அவனுக்குச் சோறும் துணியும் குறைவில்லை. அக்கா வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் இவன் பை நிறையச் சாமானோடு உள்ளே வருவான், பிள்ளைகள் பையை மொய்க்கும். அது போயிற்று. ஒரு பிஸ்கட் பொட்டலம் தானே என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும்.

ஏப்ரல் 4, செவ்வாய்

முகாம் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். "அங்க போய் லாரி ஹாரன் மாதிரி கத்தாதீங்க. நிதானமா பேசுங்க" என்று என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாள்.

கத்திவிட்டேன்.

அதிகாரி ஒரு பெண். என் மகள் வயசு இருக்கும். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "அய்யா, கண்ணும் விரலும் போனவங்க வருவாங்கன்னு இந்த மெஷினை வாங்கினவங்க யாரும் யோசிக்கல. அதுவும் ஒரு ராணுவ முகாம்ல. எனக்கே கேவலமா இருக்கு" என்றாள். மேலிடத்துக்கு எழுதுகிறேன், ஆனால் நாளாகும் என்றாள். நான் கத்த வந்தது வேறு யாரிடமோ. அந்த யாரோ எந்த அறையிலும் இல்லை.

மே 6, சனி

தனியாகப் போனேன். ஷேவிங் சோப்பு மட்டும் வாங்கி அவனிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டான். தாடி வளர்ந்திருக்கிறது.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். "அவன் பேசவே மாட்டேங்கிறான்பா. முன்னாடியெல்லாம் எப்படா வாயை மூடுவான்னு இருக்கும். இப்ப வீடு என்னமோ மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களாக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லையாம்."

மே 29, திங்கள்

அந்த அதிகாரியே போன் செய்தாள். உத்தரவு வந்துவிட்டது. கண்ணும் விரலும் இழந்தவர்களை, நேரில் அறிந்த இன்னொரு முன்னாள் படைவீரர் கூட வந்து "இவர்தான் அவர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் உள்ளே விடலாம்.

ஓடிப் போய்ச் சொன்னேன். போட்டிருந்த சட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "சட்டையை இஸ்திரி போடச் சொல்லணும்" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3, சனி

மழித்த முகத்தோடு வந்தான். மேசையில் அதே கிளார்க். எழுந்து நின்று, "வாங்க சார்ஜென்ட்" என்றான். பிறகு என்னிடம், தயங்கித் தயங்கி, "இவர்தான் அவர்னு நீங்க வாயால சொல்லணும் சார்."

"இவர்தான் அவர்."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா" என்றான் ரேடியோ. "எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

கிளார்க் சிரித்தான். நானும் சிரித்தேன். கதவு திறந்தது.

உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் கைத்தடியை மடக்கினான். இரண்டடி வைத்தான். நின்றான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஏசி குளிர் மட்டும்தான் இருந்தது. சோப்பு, பாலிஷ், பிஸ்கட் எல்லாமே கனமான பிளாஸ்டிக் உறைக்குள். எதற்கும் வாசனை இல்லை. கவுன்ட்டர் பெரியவரும் இல்லை. புதுக் கட்டடத்துக்கு ஆள் குறைத்துவிட்டார்களாம். எங்கேயோ ஒரு இயந்திரக் குரல் "நன்றி, மீண்டும் வருக" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மெதுவாகக் கைத்தடியை மறுபடி விரித்தான்.

"எண்ணெய் எந்தப் பக்கம்டா?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எண்ணெய் மட்டும் வாங்கினான். வெளியே டீ இயந்திரத்தில் ஒரு காகிதக் கோப்பை பிடித்துக் கொடுத்தேன். "நல்லாத்தான்டா இருக்கு" என்றான்.

திரும்பும்போது வழி சொல்லவில்லை. பேக்கரியில் நான் வேண்டுமென்றே திரும்பாமல் நேரே ஓட்டினேன். திட்டுவான், திட்டட்டும் என்று. அவன் என் தோளில் கை வைத்தபடி பேசாமல் வந்தான். அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

ஏன் இவ்வளவு சண்டை போட்டேன்? இந்தக் கதவு திறக்கவா? திறந்தது. உள்ளே அவனுடைய பழைய கேன்டீன் இல்லையே. அதை யாரிடம் போய்க் கத்துவது?

ஜூன் 21, புதன்

காய்ச்சல் என்றார்கள், மார்ச்சளி என்றார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். முகமூடி போட்டிருப்பதால் அவன் பேச முடியாது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு எப்போதும் கேட்டுத்தான் பழக்கம்.

கடைசியில் மாத்திரை டம்ளரை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டேன். "இப்போது செய்திகள்." என் வீட்டுக்காரி என் சட்டையை இஸ்திரியில் பொசுக்கியது, எதிர்வீட்டு நாய் தபால்காரர் பேன்ட்டைக் கிழித்தது, ஸ்கூட்டருக்குப் புது டயர். நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள். முகமூடிக்குள் ஆவி படிந்து படிந்து மறைந்தது. சிரிக்கிறான். வழுவழு விரல்களால் என் மணிக்கட்டைத் தட்டினான், இன்னும் சொல் என்பதுபோல. சொல்லிக்கொண்டே இருந்தேன். இல்லாத செய்தியெல்லாம் சொன்னேன்.

ஜூன் 24, சனி

காலையில் போய்விட்டான்.

ஜூன் 25, ஞாயிறு

முகாமிலிருந்து வந்தார்கள். அந்த அதிகாரி வந்தாள், கிளார்க்கும் வந்தான். பெட்டிமேல் கொடி போர்த்தினார்கள். பெயரும் எண்ணும் சொல்லி, சார்ஜென்ட் என்று உரக்கக் கூப்பிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கூட்டர் சத்தம் கேட்டாப் போதும்பா, வந்துட்டான்க்கான்னு எழுந்திருச்சிருவான்" என்றாள்.

அவனுக்கு வந்தது சளிதான். கேன்டீனால் யாரும் சாவதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

ஜூலை 1, சனி

போகவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

வீட்டில் சோப்பு தீர்ந்துபோய் வீட்டுக்காரி விரட்டியதால் போனேன்.

மேசையருகே வரிசை நகரவில்லை. முன்னால் ஒருவன். முப்பது வயதுகூட இருக்காது. டாங்கி தீப்பிடித்ததில் சிக்கியவன் என்று பிறகு தெரிந்தது. முகம் வெந்து, இமைகள் ஒட்டிப்போயிருந்தன. இரண்டு கையிலும் துணி உறை. அவன் அம்மா அட்டையை நீட்டியபடி கிளார்க்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நாங்க ஊருக்குப் புதுசுங்க. இவன்கூட இருந்தவங்கல்லாம் வேற முகாம்ல இருக்காங்க. சாட்சி சொல்ல இங்க யாரையும் தெரியாதுங்களே."

"விடும்மா, போலாம்" என்றான் அவன். நல்ல அமைதியான குரல்.

கிளார்க் வரிசையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏன் தனியாக வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"சார், இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "இவர்தான் அவர்."

கிளார்க் வேறெதுவும் கேட்காமல் பேனாவை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். கதவு திறந்தது. அந்தப் பையனின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போதுதான், எந்தப் படைப்பிரிவு என்று அவனைக் கேட்டேன்.