பாதிரியாரிடம் படித்த ஜெர்மன்

1939 ஜூன் 12
விடாத மழை. கணக்கு நான்கு பீரியட், சயன்ஸ் இரண்டு எடுத்தேன். சாயங்காலம் நனைந்துகொண்டே ரைஷர் பாதிரியார் வீட்டுக்குப் போனேன். காலேஜ் லைப்ரரியில் ஒளியைப் பற்றி ஒரு ஜெர்மன் புத்தகம் இருக்கிறது. பத்து வருடமாக அதன் படங்களையும் சமன்பாடுகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். இப்போது, ஐம்பத்திரண்டு வயதில், பாதிரியாரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். "வினைச்சொல் தமிழ் மாதிரி கடேசியில வருது பாத்தீரா? ஒமக்கு லேசா வரும் வே" என்கிறார். முப்பது வருடம் திருநெல்வேலிப் பக்கம் இருந்தவர், பேச்சு அப்படி.

ஜூலை 30
இன்று ஒரு பக்கம் முழுவதும் அகராதி இல்லாமல் புரிந்தது. வீட்டுக்காரி உலகம்மையிடம் சொன்னேன். "அப்போ இனி சாப்பிடலாமா?" என்றாள்.

செப்டம்பர் 4
யுத்தம் வந்துவிட்டது. பாதிரியார் வீட்டு வாசலில் போலீஸ்காரன். நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.

செப்டம்பர் 6
ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு இன்ஸ்பெக்டர். ஜெர்மன்காரர் வீட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார்: "சாரு கணக்கு ஆளாக்கும். பென்ஷனுக்கு இனி மூணு வருஷம்தான். ஜெர்மன் ஒண்ணும் அறியாது. இல்லியா சாரே?"
தெரியாது என்றேன்.
"அந்த ஆளைத் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்."
அவ்வளவுதானா?

செப்டம்பர் 9
தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன். பாதிரியாரை வடக்கே ஏதோ முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் கண்ணில் பட்டுவிட்டேன். பார்த்தவர் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்று — அதுதான் தாங்கல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லையே.

செப்டம்பர் 10
ஜெர்மன் நோட்டுகளை எல்லாம் அடுப்பில் போட்டேன். உலகம்மை கையைப் பிடித்தாள். "படிச்சது என்ன களவா?"

1941 பிப்ரவரி 17
பாதிரியாரின் சபையைச் சேர்ந்த தாசையனைக் கடைத்தெருவில் பார்த்தேன். முகாமிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாராம், போன மாதமே. "சாருக்கு அவரைப் பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அதையும் மெதுவாக.

1942 மார்ச் 31
கடைசி வகுப்பு. லாகரிதம். மணியடித்த பிறகும் கரும்பலகையை அழிக்க மனம் வரவில்லை.

1946 நவம்பர் 3
காலேஜ் பௌதிக விரிவுரையாளர் சிவதாணு வீட்டுக்கு வந்தார். யுத்தத்தில் நின்றுபோன ஜெர்மன் சஞ்சிகைகள் கட்டாக வந்து கிடக்கின்றனவாம். "வாசிக்கத்தான் ஆளில்ல. சாருக்குத் தெரிஞ்சவங்க யாராவது உண்டுமா?"
உண்டு என்றேன். நான்தான்.
ஒரே ஒரு பக்கத்துக்கு மத்தியானம் முழுக்க ஆயிற்று. பாதி மறந்துபோயிருக்கிறது. எத்தனை வார்த்தைகள் முகம் மட்டும் தெரிந்து பேர் தெரியாமல் நின்றன! சிவதாணு பொறுமையாக எழுதிக்கொண்டார். போகும்போது கேட்டார்: "இது யாருகிட்ட படிச்சீங்க சார்?"
"ரைஷர் பாதிரியாரிடம்" என்றேன்.
உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுக்களையிலிருந்து உலகம்மை எட்டிப் பார்த்தாள்.