நாலு பேருக்கும் ஒரே சேலை

மார்ச் 3
ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து குண்டுச் சத்தம். ஆனாலும் ஸ்டூடியோவில் கூட்டம். பள்ளிக்கூட அகதி முகாமிலிருந்து நாலு பெண்களை ஒரு ஏஜெண்ட் பாஸ்போர்ட் படத்துக்குக் கூட்டிவந்தான். வெளிநாட்டில் துணி மில் வேலையாம். "கொஞ்சம் பெரிய பொண்ணுங்களா தெரியணும்க்கா." சேலையும் அவனே கொண்டுவந்திருந்தான். நாலு பேரும் அதையே மாற்றி மாற்றிக் கட்டினார்கள். கடைசிப் பெண் வாண்டு. ஏழெட்டு ஊக்கு குத்தியும் தோளில் நிற்கவில்லை. நான் கேட்கும் முன்பே, "எனக்குப் பத்தொன்பது" என்றாள்.

மார்ச் 4
இவரிடம் சொன்னேன். "நம்ம வேலை படம் எடுக்கிறது. துப்பறியறதா?" சரிதான். ஆனாலும் ராத்திரி அந்த நாலு படத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 5
ஏஜெண்ட் படம் வாங்க வந்தான். "பிரிண்டர் மக்கர் பண்ணுது தம்பி, வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். வாய் கூசாமல் பொய். அவன் போனதும் படங்களோடு முகாமுக்கு ஓடினேன். பதிவு அலுவலர் அம்மா பதிவேட்டைப் புரட்டினார். பதினாறு, பதினைந்து, பதினைந்து. வாண்டுக்குப் பதின்மூன்று. "படத்தைக் குடுங்க. செக்போஸ்ட்டுக்கு இப்பவே அனுப்புறேன். வீட்டுக்காரங்ககிட்டயும் பேசுறேன்."

மார்ச் 6
வாண்டின் அம்மா கடை வாசலில் நின்று திட்டினாள். "உன் பொண்ணா இருந்தா அந்த முகாம்ல வெச்சிருப்பியா? கக்கூசுக்குக் கதவு கிடையாது. விடிய விடிய நான்தான் காவல். போற இடத்துலயாவது நல்லா இருக்கட்டும்னு பார்த்தா, மண்ணை அள்ளிப் போட்டுட்டியே."

மார்ச் 8
செக்போஸ்ட்டில் வேனை மடக்கிவிட்டார்கள். மூன்று பெண்கள் திரும்பிவிட்டார்கள். ஏஜெண்ட் உள்ளே. ஆனால் வாண்டு வேனில் இல்லை. பஸ் நிலைய ஸ்டூடியோவில் எல்லோருக்கும் புதுசாகப் படம் எடுத்து, வாண்டை மட்டும் நேற்றே ஒருத்தியோடு பஸ் ஏற்றிவிட்டானாம். எங்கே என்று வாயைத் திறக்கவில்லை. நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால்— அவன் உஷாராகியிருக்க மாட்டானோ? யாரைக் கேட்க?

மார்ச் 15
தகவல் இல்லை.

மார்ச் 21
எல்லா ஸ்டூடியோக்காரர்களிடமும் சொல்லலாம் என்று கிளம்பினேன்: சின்னப் பெண்களை யாராவது கூட்டிவந்தால், படம் எடுக்கும் முன் முகாமுக்கு ஒரு போன். வாசலில் வாண்டின் அம்மா. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எதற்குக் கிளம்பினேன் என்று சொன்னேன்.

"என் பொண்ணைப் படம் எடுத்த கடைக்கு முதல்ல போவோம்" என்றாள்.

பஸ் நிலையக் கடைக்காரர் நிமிரக்கூட இல்லை. "வேலை கிடக்கு. அப்புறம் வாங்கம்மா." நான் தயங்கினேன். அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முடிச்சிட்டே வாங்க. நாங்க இருக்கோம்."