சிவப்புத் துணி கட்டிய புஞ்சை

எம்.ரெட்டியபட்டி
28.11.2025

அன்பு மாமாவுக்கு,

போனில் ஆரம்பித்தால் அண்ணன் பேச்சு வந்து சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கம்போடியாச் சோறு இப்போதாவது தொண்டையில் இறங்குகிறதா?

நம் புஞ்சை மக்காச்சோளத்தில் பாதியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டது. எங்கள் கருத்தப்பாண்டி அண்ணன்தான் பன்றித் தடத்தில் அவுட்டுக்காய் புதைத்திருக்கிறார். பன்றி கடித்தால் வெடிக்குமாம். கண்ணிவெடி எடுக்கிற உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் நூற்றறுபதுக்கு மேல் நாடுகள் கையெழுத்துப் போட்ட கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் நம் நாடு போடவில்லை என்று சொன்னது நீங்கள்தானே? அண்ணனை மட்டும் வையாதீர்கள்.

பொங்கலுக்கு வாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டைச் சுற்றாமல் புஞ்சை வழியாக ஓடி வருவீர்களே, அதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் செல்லக்கிளி

கம்போடியா
30.11.2025

அன்புக் கிளிக்கு,

கடித்தால்தான் வெடிக்கும் என்று யார் சொன்னது? மிதித்தாலும் வெடிக்கும். பன்றிக்காலா மனுசக்காலா என்று அது பார்க்காது. நீ உள்ளே போகாதே. இங்கே ஆபத்தான நிலத்தைச் சுற்றிச் சிவப்பு அடையாளம் வைப்போம். நீயும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டு.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கையெழுத்துப் போட்ட நாடுகளிலேயே சில, எல்லையில் பயம் என்று இந்த வருஷம் தடையை விட்டு விலகுகின்றன. மச்சானுக்குப் பன்றி பயம். அவர்களைத் திட்டினால் இவரையும் திட்ட வேண்டும்.

உன் பாண்டிராஜ்

எம்.ரெட்டியபட்டி
05.12.2025

மாமா,

என் சிவப்புச் சேலையைக் கிழித்துச் சுற்றிலும் கட்டினேன். மழைக்குப் பிறகு எது எங்கே என்று அண்ணனுக்கே நிச்சயமில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நூறு நாள் வேலைக்குப் போன முத்துத்தாய் அக்கா துணியைப் பார்த்துவிட்டு, "ஆத்தா எறங்கியிருக்கா"ன்னு பயிருக்குள் போய், எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்திவிட்டது. நான் கரையில் நின்று, "வெளிய வாக்கா! வெளிய வா!" என்று கத்தினேன். "கிளிக்கு அருள் வந்திருச்சு"ன்னு கூட வந்தவர்கள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். சிரிக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்க வருகிறார்களாம். உண்மையைச் சொன்னால் அண்ணனைப் போலீஸ் பிடிக்கும். சொல்லாவிட்டால் யாருடைய கால் போகுமோ? நான் என்ன செய்யட்டும்?

கிளி

கம்போடியா
07.12.2025

கிளி,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மச்சானைக் காட்டிக்கொடு என்று எழுதக் கை வரவில்லை. எதையாவது சொல்லி அவர்களைத் தடுத்து வை. பொங்கலுக்கு வந்து நானே சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன்.

பாண்டிராஜ்

எம்.ரெட்டியபட்டி
12.12.2025

மாமாவுக்கு,

ஊருக்கெல்லாம் வெடி எடுக்கிற நீங்கள் என்னைப் பொறுக்கச் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை பொறுக்கவில்லை. பானையும் பிள்ளைகளுமாக வந்துவிட்டார்கள். "சாமி இல்லக்கா, எங்க அண்ணன் வச்ச வெடி"ன்னு சொல்லிவிட்டேன்.

அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. புருஷனைக் கூட்டிப்போன ஆத்திரத்தில் பாண்டீஸ்வரி மதினி என் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனது. முத்துத்தாய் அக்கா மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அது வைத்த எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெடியைப் போலீஸ்காரர்கள் எடுத்தார்களாம்.

நான் செய்தது சரிதானா என்று கேட்டு எழுத நினைத்தேன். கேட்கவில்லை. உங்களுக்கும் தெரியாது.

அண்ணன் சொன்ன கணக்கில் ஒரு வெடி இன்னும் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தால் ரோட்டைச் சுற்றியே வாருங்கள்.

செல்லக்கிளி