கேட்டுக்குப் பாதிச் செலவு

16-11-61, வியாழன்

இன்று காலை ஊருக்கு வெளியே, கேட் இல்லாத தண்டவாளத்தில், பஞ்சாயத்து யூனியன் சேர்மனின் வண்டிமாடு விழுப்புரம் ரயிலில் அடிபட்டுச் செத்தது. எனக்குத் துளியும் வருத்தமில்லை. போன வருஷம் அதே இடத்தில்தான் என் அண்ணன் செத்தார். பாதிச் செலவை யூனியன் ஏற்றால் கேட் போடுவதாக ரயில்வே அப்போதே எழுதியிருந்தது. "அது ரயில்வே பாடு, நமக்கு இன்னா? முடியாதுன்னு எழுதுய்யா" என்றார் சேர்மன். யூனியன் குமாஸ்தா நான்தான். அண்ணன் காரியம் முடிந்த மறுநாள் என் கையாலேயே எழுதினேன்.

இன்று மதியம் சேர்மன் ஆபீசுக்கு ஓடி வந்தார்.

"அந்த ஃபைலை எடுய்யா, ஜல்தி! பாதியை நாமே குடுத்துடலாம்."

"தேடிக்கினுதாங்க இருக்கேன்" என்றேன்.

"இன்னாய்யா பேஜாரு! எனக்கு மாடு போச்சுய்யா!"

மாடு செத்த செய்தி கேட்டதுமே ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில், அண்ணன் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. சேர்மன் என் அண்ணன் பேரைத் தன் வாயால் சொல்லட்டும், அப்புறம் எடுக்கிறேன். அதுவரை அலையட்டும்.

உள்ளே அண்ணி தூக்குச்சட்டி கழுவும் சத்தம் கேட்கிறது. விடிந்ததும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கழனியில் களையெடுப்பாம்.