திமிங்கிலப் பல்லில் ஒரு முகம்

செவ்வாய்க்கிழமை, ஹரோ.

நான் காவலுக்கு நிக்கிற மியூசியத்திலை ஒரு திமிங்கிலப் பல் இருக்கு. அந்தக் காலத்து அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்காரன் ஒருத்தன் அதிலை ஒரு பெண்ணின்ர முகத்தை ஊசியாலை கீறி மை பூசியிருக்கிறான். "அது அவன்ர மனிசி, கட்டின பெண்சாதி" எண்டு கேக்கிற எல்லாருக்கும் நான்தான் சொல்லுறனான்.

இண்டைக்கு ஒரு அமெரிக்கக் கிழவி அதைக் கேட்டுச் சிரிச்சா. பத்திரிகைப் படத்தைப் பல்லிலை ஒட்டி, ஊசியாலை குத்தி, புள்ளிகளைச் சேர்த்துத்தான் கனபேர் கீறினவையாம். இதுவும் பேஷன் படத்திலை வந்த ஆரோ ஒருத்தியாம். எனக்குக் கோவம் வந்திட்டுது. மூண்டு வருசம் கடலிலை கிடந்தவனுக்குச் சொந்த மனிசியின்ர முகம் தெரியாதோ?

வீட்டை வந்து வவுனியாவுக்குப் போன் எடுத்தன். என்ர மனிசி சுபாவின்ர போனிலை இன்னும் கமரா பழுதாம். ரெண்டு மாசமா எனக்குக் குரல் மட்டும்தான்.

"விசா என்னெண்டு கேட்டனீங்களோ?" எண்டாள்.

"ஓம், கேக்கிறன்" எண்டன்.

பிறகு அவளைப் பென்சிலாலை கீறிப் பாத்தன். மூக்கு வரேல்லை. நாடி வேறை ஆரின்ரையோ நாடி. நாலுதரம் அழிச்சன். விசா விண்ணப்பத்துக்கு எடுத்த அவளின்ர படம் ஒண்டு மிச்சம் கிடந்தது. அதைக் கடுதாசிக்கு மேலை வைச்சு, முகத்தைச் சுத்தி ஊசியாலை குத்தினன்.

நாளைக்கும் ஆரும் கேட்டால், அது அவன்ர மனிசி எண்டுதான் சொல்லுவன்.