மல்லாட்டை வாசம் போகாத பை

அன்புப் பங்காளி ஜெசிந்தாவுக்கு,

நீ போய் இது இரண்டாவது கல்லறைத் திருநாள். முதல் வருடம் நான் வரவில்லை. இந்த வருடம் விழுப்புரத்தில் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து உங்கள் ஊருக்கு வந்தேன். உன் கல்லறைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. இரண்டு முறை ஏற்றினேன், பிறகு விட்டுவிட்டேன். நீயாக இருந்தால் முதல் முறையே விட்டிருப்பாய்.

கல்லூரியில் ஒரு டப்பா சோற்றை இரண்டு பேர் பிரித்துத் தின்றதால் நீ வைத்த பெயர் ‘பங்காளி.’ அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தாமதமாகவாவது எழுதுகிறேன்.

கிளம்பும்போது உன் அம்மா உள்ளே போய் உன் பச்சை முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேபாளத்துக்கும் வியட்நாமுக்கும் ஜார்ஜியாவுக்கும் போய் வந்த அதே பை. தூக்க முடியாத கனம். திறந்தால் கழுத்து வரை மல்லாட்டை, தோல் உரிக்காத வேர்க்கடலை.

“காத்தோட்டமா இருக்குதும்மா இந்தப் பையி. பூசணமே புடிக்கல. எட்த்துக்கினு போ, பாப்பாவுக்கு அவிச்சிக் குடு.”

“பை எனக்காம்மா?”

“மல்லாட்டைதான் உனக்கு. பையி திரும்பி வரணும். அடுத்த போகத்துக்கு எனக்கு வேணும்.” பையின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு அவர்களே சொன்னார்கள்: “எங்கனா போறதுன்னா மாட்டிக்கினு போய்ட்டு வந்து குடு. அவ போனப்பல்லாம் பையி ஒழுங்கா வந்து சேந்துது.”

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை வந்தேன். அந்த வாக்கியத்தில் உன் அம்மா என்ன சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு நினைவிருக்கும். கல்லூரிக் கடைசி வருடம் நாம் போட்ட பயணத் திட்டத்தில் முதல் ஊர் கொழும்பு. நான் நிச்சயதார்த்தம் என்றேன். அடுத்த வருடம் மசக்கை என்றேன். அப்புறம் பாப்பா இனியாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, என் கையில் கட்டையைப் போல விறைத்துக் கிடந்தாள். ஒருமுறைதான். வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து தெர்மாமீட்டர் இல்லாமல் நான் கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை. நீ மட்டும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். “சீசன் முடிஞ்சப்பறம் போ பங்காளி, பாதி செலவுதான். சமையல்கட்டு இருக்கிற எடமா பாத்துத் தங்கு. ராத்திரி பஸ்ஸுல ஏறுனின்னா ஒரு ரூம் வாடகை மிச்சம். பயத்தையெல்லாம் பையில போட்டு எடுத்துக்கினு வராத, தூக்க முடியாது.”

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. திண்டிவனத்தில், வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் ஆஸ்பத்திரி, சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கொழும்பு என்று வாயைத் திறந்ததும் என் மாமியார் உன்னைத்தான் இழுத்தார். “ஊரு ஊரா சுத்திக்கினு இருந்தவ கதி என்னாச்சி, பாத்த இல்ல?” சுற்றின இடத்திலெல்லாம் நீ நன்றாகத்தான் இருந்தாய். அதைச் சொன்னால் வீட்டில் இருப்பதுதான் ஆபத்து என்று ஆகிவிடும், அதுவும் சரியில்லை. எங்கே இருந்தாலும் வருவது வரும் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் தெர்மாமீட்டர் எதற்கு?

பணத்துக்கு வழி செய்துவிட்டேன். தெருவில் எல்லாரும் நகைக்குச் சீட்டுக் கட்டுகிறார்கள், அதே சீட்டில் நானும் இருக்கிறேன். எடுத்தால் என்ன வாங்குவாய் என்று யாரும் கேட்கவில்லை, வளையல் என்றே நினைத்துக்கொண்டார்கள். பாக்கி இருந்தது பாப்பாவின் பாஸ்போர்ட். அதற்கு இவர் கையெழுத்தும் வேண்டும். இவர் முடியாது என்று சொல்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். பாக்கலாம் என்பார். இந்த முறை கொஞ்சம் கூடவே சொன்னார்.

“மொதல்ல பக்கத்துல எங்கனா நீயும் பாப்பாவும் தனியா ஒரு ராத்திரி தங்கிக் காட்டு. அப்பறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்.”

அதனால் கோட்டக்குப்பம் கடற்கரைப் பக்கம், ஊர் சுற்றுகிறவர்கள் தங்குகிற ஒரு விடுதியில் பெண்கள் அறையில் ஒரு கட்டில் பிடித்தேன். ஒரு ராத்திரிக்கு நான் எடுத்துப் போனதைக் கேட்டால் சிரிப்பாய்: இரண்டு போர்வை, பால் பவுடர், ஃபிளாஸ்க், மூன்று வகை சிரப், சின்னக் குக்கர். உன் பை அடிப்பகுதியில் இன்னும் மல்லாட்டைத் தோல் கிடந்தது. மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது இனியா பின்னால் வந்தபடி, “அம்மா, பை ஒன்ன இழுக்குது” என்றாள்.

சாயங்காலம் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தோம். முகம் துடைக்கும்போது என் கைக்குத் தெரிந்துவிட்டது. நெற்றி சுட்டது.

என் சித்தி வீடு முத்தியால்பேட்டையில், ஆட்டோவில் ஏறினால் உடனே போய்விடலாம். சித்தியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் பாப்பா பத்திரம். கூப்பிட்டால் கொழும்பும் இல்லை. இப்படிக் கணக்குப் போடுகிற நான் என்ன தாய்? அதற்கு இன்னும் பதில் தெரியாது. சிரப் கொடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். கீழே போய்ப் பக்கத்தில் டாக்டர் யார் என்று கேட்டேன். விடுதிக்காரர் ஒரு ஆட்டோவை வரவழைத்தார்.

ஓட்டிய பாய் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். “ஊரு எதும்மா?”

“விழுப்புரங்க.”

“விழுப்புரத்துலேர்ந்து இங்க வந்து கட்டில் வாடகைக்கு எடுத்துக்கினு இருக்கீங்களா? வூட்ல எதுனா சண்டையா?”

“இல்லீங்க. வெளிநாடு போகப் பழகறோம்.”

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “என் மவன் துபாய் போனப்ப இப்டிலாம் பழகல. ஜல்தியா போயிடலாம், பாப்பாவ நல்லா புடிச்சிக்குங்க.”

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சாதாரண வைரல் காய்ச்சல் என்றார். வலிப்பு வந்ததைச் சொன்னேன். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், வாயில் எதையும் வைக்க மாட்டேன், நேரம் பார்ப்பேன், நிற்காவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடி வருவேன் என்றேன். “எல்லாம் தெரிஞ்சிதானம்மா இருக்கு, அப்பறம் ஏன் கை நடுங்குது?” என்றார். நடுங்கியதை அதுவரை நான் கவனிக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் அவ்வளவும் செய்திருக்கிறேன்.

விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் சித்தி வந்துவிட்டார். மாமியார் போன் போட்டிருக்கிறார். அடுக்கு டிபன் கேரியரோடு வாசலில் நின்று சித்தி போட்ட சத்தத்தில் அறையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். “ஏண்டி, நாங்கல்லாம் செத்தா பூட்டோம்? சித்தி வூட்ட வெச்சிக்கினு, காசு குடுத்து ஏணி போட்ட கட்டில்ல படுக்கறியா? ஒங்க சித்தப்பா வெளிய தலகாட்ட முடியுமா?” திட்டிக்கொண்டே இட்லியைப் பிட்டு இனியாவுக்கு ஊட்டினார். மேல் கட்டிலில் இருந்த வடக்கத்திப் பெண்ணுக்கும் இரண்டு கொடுத்தார். அவள் எதற்குத் திட்டு என்று புரியாமலேயே சாப்பிட்டாள். காய்ச்சலைப் பற்றிச் சித்தியிடம் நான் மூச்சு விடவில்லை.

இவரிடம் வீட்டுக்கு வந்துதான் சொன்னேன்.

“ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்துருக்க மாட்டனா? சரி, எனக்கு வேணாம். சித்திக்காவது பண்ணக் கூடாதா?”

“சித்தி கொழும்புல இல்லீங்களே.”

எழுந்து வெளியே போய்விட்டார். நான்கு நாட்கள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் பைக்கைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்: “பாப்பா போட்டோ, பின்னாடி வெள்ளையா இருக்கணுமாமே. ஸ்டூடியோவுல சொன்னாத் தெரியுமா?”

இதுதான் செய்தி. எழுத வேறில்லை. பயம் போய்விட்டதா என்று நீ கேட்பாய். போகவில்லை. பையில் இரண்டு சிரப்பும் தெர்மாமீட்டரும் இருக்கும். குக்கரை எடுத்துவிட்டேன்.

பையை இரண்டு முறை துவைத்தும் மல்லாட்டை வாசம் போகவில்லை. இனி துவைக்க மாட்டேன். கொழும்புக்கு அதே வாசத்தோடு போவோம், சீசன் முடிந்த பிறகு, நீ சொன்னபடி. அடுத்த போகத்து மல்லாட்டை ஆய்வதற்குள் பை உன் அம்மா கைக்கு வந்துவிடும். இனியாதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்க்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பாதி டப்பாச் சோற்றுக்கும் முழுப் பைக்கும்
உன் பங்காளி,
இனியாவின் அம்மா சரண்யா