கறுவாப் போத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் தம்பியும் சுகமா? உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? இங்கு நாங்கள் நலம். அப்பா நித்திரை. நான் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

கீழ்வீட்டு நோர்வேக்காரி பெந்தெக்கு மாதாமாதம் தபாலில் ஒரு பெட்டி வரும். உள்ளே போத்தலும் காய்ந்த பழத்தோலும் ஏலமும் இருக்கும். வொட்கா ஊற்றி ஊறவைத்தால் வாசனைச் சாராயமாம். இப்போது அந்தப் போத்தல்கள் எங்கள் குசினி யன்னலில்தான் நிற்கின்றன. மாலையில் அவவும் அப்பாவும் மாறிமாறிக் குலுக்கிச் சிரிப்பார்கள். பயப்படாதீர்கள், அப்பா ஒரு கரண்டிதான் ருசி பார்ப்பார். ஆனால் என்னோடு அப்படிச் சிரிப்பதில்லை.

நேற்று நீங்கள் அனுப்பிய கறுவாப்பட்டையை அப்பா ஒரு போத்தலில் போட்டார். நல்ல வாசம், எங்கே வாங்கியது என்று பெந்தெ கேட்டா. ஊரிலிருந்து வந்தது என்றார் அப்பா. உங்களைச் சொல்லவில்லை. அம்மா அனுப்பியது என்று நான் நோர்வேஜிய மொழியில் சத்தமாகச் சொன்னேன். பெந்தெயின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவ போனபின் அப்பா, "பெரியாக்கள் கதைக்கேக்கை உனக்கேன் வாய்?" என்றார். உங்கள் விசாவைப் பற்றி அவர் இப்போது கதைப்பதேயில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இனிக் கறுவா வேண்டாம். மாசிக் கருவாட்டுச் சம்பல் அனுப்புங்கள், அதை யாரும் வொட்காவில் ஊறவைக்கமாட்டார்கள். உங்கள் பழைய சீலை ஒன்றும் வேண்டும்.

பெட்டியோடு வந்த ஒட்டுத்தாளில் 'பூரணி' என்று தமிழில் எழுதி, சற்றுமுன் அந்தக் கறுவாப் போத்தலில் ஒட்டிவிட்டேன். பெந்தெக்கு உங்கள் பெயரை வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

அவர் இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

மகள்,
சாருகா